மணிக்கட்டுக்கு மெத்தை போட்டால் போதுமா?

சென்னை ரிச்சி தெருவில் மவுஸ் பேட் கேட்டால், "சாதாரணமா, ஜெல் வெச்சதா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஜெல் வைத்தது என்றால் பேடின் கீழ் விளிம்பில், கை வந்து படியும் இடத்தில், மெத்தென்று ஒரு மேடு இருக்கும். கீபோர்டுக்கு முன்னால் போடுவதற்கு இதையே நீளமாகச் செய்து விற்கிறார்கள். ரிஸ்ட் ரெஸ்ட், அதாவது மணிக்கட்டுத் தாங்கி. விலை அதிகமில்லை, அமுக்கிப் பார்த்தால் இதமாக இருக்கிறது, அட்டையில் 'எர்கோனாமிக்' என்று வேறு அச்சடித்திருக்கிறார்கள். நாள் முழுக்கத் தட்டச்சு செய்து கை கடுக்கிறவர் அதை வாங்காமல் திரும்புவது கடினம்.

வாங்கியவர்கள் பலர் இது இல்லாமல் வேலையே ஓடாது என்கிறார்கள். முதலில் அதைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்லும் பிசியோதெரபிஸ்டுகளும் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீபோர்டுக்கு முன்னால் வைக்கும் நீளத் தாங்கிக்கு நியாயமான ஒரு வேலை இருக்கிறது. எந்த வேலைக்கென்று சொல்லி விற்கிறார்களோ அந்த வேலை மட்டும் அதற்கு இல்லை. மவுஸ் பேடோடு ஒட்டி வரும் மேட்டுக்கு அந்த நியாயமும் கிடையாது.

உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். மணிக்கட்டில் குறுக்கே இரண்டு மூன்று ரேகைகள் தெரியும். அவற்றைத் தாண்டி உள்ளங்கைப் பக்கம், கட்டைவிரல் மேட்டுக்கும் சுண்டுவிரல் மேட்டுக்கும் நடுவே சற்றுப் பள்ளமாக இருக்கிறதே, அதற்கு அடியில்தான் கார்ப்பல் டனல் என்கிற குறுகிய சுரங்கம் ஓடுகிறது. கீழேயும் பக்கங்களிலும் மணிக்கட்டு எலும்புகள். மேலே கூரை மாதிரி ஒரு கெட்டியான நார்ப்பட்டை. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் இதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உணர்ச்சி அந்த நரம்பின் பொறுப்பு. சுரங்கத்தின் சுவர் விரிந்து கொடுக்காது. உள்ளே வீங்கினாலும் சரி, வெளியிலிருந்து அமுக்கினாலும் சரி, அடிபடுவது நரம்புதான். அப்படி நரம்பு நசுங்குவதுதான் கார்ப்பல் டனல் நோய்.

1981-இல் ரிச்சர்ட் கெல்பர்மன் என்ற அமெரிக்கக் கை அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும் இந்தச் சுரங்கத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். நோயில்லாதவர்களுக்குக் கை நேராக இருக்கும்போது சராசரி 2.5 மில்லிமீட்டர் பாதரசம். அதே கையை முழுக்க மடக்கினாலோ பின்னுக்கு வளைத்தாலோ 30-ஐ ஒட்டி வந்தது. கார்ப்பல் டனல் நோயாளிகளுக்கோ கை நேராக இருக்கும்போதே 32. செங்குத்தாக வளைத்துக்கொண்டு யாரும் தட்டச்சு செய்வதில்லை என்பது உண்மைதான். என்றாலும் எந்தப் பக்கம் போனால் நரம்புக்கு நல்லது என்பது இதிலிருந்து விளங்கிவிடுகிறது: மணிக்கட்டு வளையாமல் இருக்க வேண்டும்.

தாங்கிக்கு ஆதரவான வாதம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. புரோகிராமர்கள் விரும்பி வாங்கும் மெக்கானிக்கல் கீபோர்டுகள் உயரமானவை. கையை மேசைமேல் வைத்துக்கொண்டு விரலை விசைக்குக் கொண்டுபோனால் மணிக்கட்டு பின்னுக்கு வளைந்தே ஆக வேண்டும். கீபோர்டின் முன்விளிம்பு அளவுக்கு ஒரு தாங்கி இருந்தால் அந்த வளைவு குறையும். (கீபோர்டின் அடியில் பின்பக்கம் இருக்கும் இரண்டு குட்டிக் கால்களை விரித்து வைப்பது பலர் வழக்கம். அது வளைவைக் கூட்டும். தாங்கி வாங்குவதற்கு முன் அந்தக் கால்களை மடக்கிவிடுங்கள், காசு செலவில்லை.) இன்னொன்று, நம் அலுவலகங்களில் சன்மைக்கா ஒட்டிய மேசைகளின் கூரான விளிம்பு. மாலையில் முன்கையைத் தூக்கிப் பார்த்தால் குறுக்கே ஒரு சிவந்த கோடு பதிந்திருக்கும். அந்த விளிம்பை மூடுவதற்கு ஒரு தாங்கி உதவும் என்றால் வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் இல்லை. படிக்கும்போது, யோசிக்கும்போது, திரையில் ஏதோ ஏறிக்கொண்டிருக்கும்போது கையைச் சற்றுக் கிடத்தி வைக்கவும் அது நல்ல இடம்.

அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா சொல்லும் அறிவுரையும் ஏறக்குறைய இதுதான். தாங்கியின் உயரமும் சரிவும் கீபோர்டின் முன்விளிம்போடு பொருந்த வேண்டும். குறைந்தது ஒன்றரை அங்குல அகலம் வேண்டும். தட்டச்சு செய்யும்போது கை அதற்கு மேலே தங்குதடையின்றி நகர வேண்டும். ஓய்வாக வைக்கும்போதும் அதில் படிவது உள்ளங்கையின் அடிச்சதையாக இருக்க வேண்டும், மணிக்கட்டாக இருக்கக் கூடாது.

நடைமுறை வேறாக இருக்கிறது. டிடிபி கடையிலோ இ-சேவை மையத்திலோ வரிசையில் நிற்கும்போது, வேலை செய்கிறவரின் கையைக் கவனியுங்கள். மணிக்கட்டு இரண்டும் மெத்தையில் பதிந்திருக்கும், விரல் மட்டும் ஓடும். பேக்ஸ்பேஸ் வேண்டுமென்றால் கையைத் தூக்காமல் மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் திருகி எட்டிப் பிடிப்பார். தோளும் முழங்கையும் செய்ய வேண்டிய வேலை ஒரே மூட்டின் தலையில் விழுகிறது. கையின் பாரமோ அந்தப் பள்ளத்தின் மேலேயே இறங்குகிறது. உள்ளங்கையின் மேல் 1 கிலோ அளவுக்கு அமுக்கினாலே சுரங்கத்துக்குள் அழுத்தம் கூடுகிறது என்றும், எவ்வளவு கூடும் என்பது அமுக்கும் இடத்தைப் பொறுத்தது என்றும் 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மெத்தை மிருதுவாக இருப்பதால் இந்தச் சிக்கல் தீராது. கை எவ்வளவு ஆழமாகப் புதைகிறதோ அவ்வளவுக்கு அங்கேயே நிலைகொள்கிறது. இதமாக இருப்பதால்தான் கையை எடுக்கத் தோன்றுவதில்லை.

பழைய டைப்ரைட்டரில் இதற்கு வழியே இல்லை. லோயர், ஹையர் பரீட்சைக்குத் தயார் செய்யும் பயிலகங்களில் மணிக்கட்டைத் தொங்கவிட்டால் திட்டு விழும். விசைகள் படிப்படியாக உயர்ந்திருக்கும், ஒவ்வொன்றையும் ஓங்கித் தட்ட வேண்டும் என்பதால் கை தானாகவே மேலே மிதந்தது. வரி முடிந்ததும் இடக்கை போய்க் கேரேஜைத் தள்ளியாக வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவி வேறு தாள் செருக வேண்டும். அந்த இயந்திரம் கையை ஓரிடத்தில் இருக்க விடவில்லை. இதற்காகப் பழசைக் கொண்டாட வேண்டியதில்லை. அந்த விசைகளோடு மல்லுக்கட்டி விரல் மூட்டு வலி கண்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் இடையிடையே கை எழுந்து போய் வந்ததை நாம் இழந்துவிட்டோம், மெத்தை அதைத் திருப்பித் தராது.

தாங்கியை எதிர்ப்பவர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. கணினிதான் கார்ப்பல் டனல் நோயைக் கொண்டுவருகிறது என்று அடித்துச் சொல்கிறார்களே, ஆதாரம் அவ்வளவு வலுவானதா? அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் கணினியில் வேலை செய்யும் ஊழியர்களைப் பரிசோதித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களிடையே இந்த நோய் பொதுமக்களிடம் இருக்கும் அளவுக்குத்தான் இருந்தது. டென்மார்க்கில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, பதில் தந்தவர்களை ஓராண்டு பின்தொடர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வும், கணினி வேலை இந்த நோய்க்குப் பெரிய காரணம் அல்ல என்றே சொன்னது. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம், உடல் பருமன், முடக்குவாதம் ஆகியவற்றுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு இதைவிடத் தெளிவானது. ஆகவே தாங்கி வைத்தவருக்கெல்லாம் நரம்பு நசுங்கிவிடும் என்பது மிகை. வைத்தால் நோய் வராது என்பதும் அதே அளவு மிகை.

அந்த டென்மார்க் ஆய்வில் விதிவிலக்காக ஒரு விஷயம் உண்டு. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடித்தவர்களிடம் மதமதப்பு கூடுதலாகக் காணப்பட்டது. கீபோர்டில் அப்படி இல்லை. மவுஸ் பேடின் மேட்டை நான் ஒதுக்கக் காரணம் இதுதான். கீபோர்டில் கையைத் தூக்கியும் இறக்கியும் தட்டலாம். மவுஸைப் பிடித்தால் பிடித்தபடிதான். மேட்டில் மணிக்கட்டைக் குத்தவைத்துவிட்டால் அம்புக்குறியை நகர்த்த அந்த மூட்டை இடமும் வலமும் அசைப்பது ஒன்றே வழி. மேடு இல்லாவிட்டால் முழங்கையிலிருந்து மொத்தக் கையும் நகரும். சில மாதம் பயன்படுத்திய பேடை எடுத்துப் பார்த்தால் போதும்: மேட்டின் நடுவில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, துணி வியர்வையில் கறுத்து மினுமினுத்துக் கிடக்கும். கை அந்த வட்டத்தை விட்டு நகரவே இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தத் துணியின் வாடையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

சரி, கைக்கு ஆதாரமே வேண்டாமா? வேண்டும், மணிக்கட்டில் இல்லாமல் முன்கையில். அமெரிக்காவில் வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்கள் 182 பேரை ஓராண்டு கவனித்து 2006-இல் வெளியான ஒரு சோதனையில், மேசை விளிம்பில் முன்கையைத் தாங்கும் அகலப் பலகை பொருத்திப் பயிற்சியும் பெற்றவர்களுக்குக் கழுத்து, தோள் வலி குறைந்தது. பலகை கிடைக்காவிட்டால் கீபோர்டையும் மவுஸையும் மேசைக்குள் ஒரு சாண் தள்ளி வைத்தாலே முன்கை மேசைமேல் படிந்துவிடும். அதற்கு நாற்காலி போதிய உயரத்தில் இருக்க வேண்டும். இங்கேதான் இடிக்கிறது. பெரும்பாலான மேசைகள் சுமார் 75 சென்டிமீட்டர் உயரம். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு அது அதிகம். நாற்காலியை ஏற்றினால் கால் தரையைத் தொடாது, கீழே கால்வைக்கும் பலகை வேண்டும். மேசையும் நாற்காலியும் பொருந்தாமல் மணிக்கட்டு மடங்கிக் கிடக்க, அதன் அடியில் நிர்வாகம் ஒரு மெத்தையைச் செருகிவிட்டுக் கடமை முடிந்தது என்கிறது. தாங்கிமேல் எனக்குள்ள பெரிய குறையே இதுதான். பொருளை விட்டுவிடலாம், அது எதற்குச் சாக்காகிறது என்பதைத்தான் விட முடியவில்லை.

ஐரோப்பாவில் கணினித் திரைப் பணிக்கென்று 1990-இல் வந்த சட்ட நெறிமுறையும், அதை ஒட்டி 1992-இல் வந்த பிரிட்டன் விதிகளும், கீபோர்டுக்கு முன்னால் கைகளை வைக்கப் போதிய இடம் இருக்க வேண்டும் என்கின்றன. அவை கேட்பது இடம். மெத்தை கேட்கவில்லை. அமெரிக்காவில் 2000 நவம்பரில் ஓஷா கொண்டுவந்த எர்கோனாமிக்ஸ் விதியை, செலவு தாங்காது என்ற தொழில் நிறுவனங்களின் எதிர்ப்புக்குப் பிறகு, 2001 மார்ச்சில் அந்நாட்டு நாடாளுமன்றமே ரத்து செய்தது. மேசை, நாற்காலி, ஓய்வு நேரம் என்று பேச்செடுத்தாலே கணக்குப் பார்க்கிறவர்கள், நூறு இருநூறு ரூபாய் மெத்தைக்கு மட்டும் தாராளமாக இருப்பதில் வியப்பில்லை.

உங்களிடம் ஏற்கெனவே தாங்கி இருந்தால் எறிய வேண்டாம். கீபோர்டின் முன் இருப்பது இருக்கட்டும்; தட்டும்போது கையை எழுப்புங்கள், நிறுத்தும்போது உள்ளங்கையின் இரு பக்கச் சதையும் படியும்படி இறக்குங்கள். மேடு வைத்த மவுஸ் பேடை மாற்றிவிடுங்கள். விரல்கள் மரத்துப் போய் இரவில் தூக்கம் கலைந்து கையை உதறுகிற நிலை என்றால் எந்தத் தாங்கியாலும் பயனில்லை. இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் ஸ்ப்ளின்ட் போட்டே ஆரம்பத்தில் பலருக்குக் குணமாகிறது, அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றத் தொடங்கிய பிறகு போனால், அறுவை சிகிச்சை செய்தும் பழைய பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.