கடலுக்குப் போன பிள்ளைகள் எதை எண்ணினார்கள்?

சிலமலையில் நின்று மேற்கே பார்த்தால் ஏலமலைச் சரிவுதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் கடலை முதன்முதலில் பார்ப்பதே ஏதாவது ஒரு டூரில்தான். அக்கா மகனும் அப்படித்தான், கல்லூரியிலிருந்து ‘கடற்கரைப் பாதுகாப்புப் பயணம்’ போய் வந்தான். கையில் சான்றிதழ், போனில் நாற்பது படம்.

“என்னப்பா செஞ்சீங்க?”

“குப்பை பொறுக்கினோம் மாமா. அப்புறம் செடி நட்டோம்.”

என்ன செடி? தெரியவில்லை. எத்தனை கிலோ குப்பை? அதுவும் தெரியவில்லை.

அவன் மேல் தப்பில்லை. இப்படிப் பயணத்தை அமைப்பவர்கள் மேல்தான் என் குறை. ஏன் என்று சொல்கிறேன்.

சென்னையில் எஸ்எஸ்டிசிஎன் என்ற மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988இல் தொடங்கியது. பங்குனி ஆமை முட்டையிடும் மாதங்களில் நீலாங்கரை, பெசன்ட் நகர் பக்கம் ராத்திரி முழுக்க மணலில் நடப்பார்கள். ஒரு கூட்டில் சுமார் 100 முட்டை இருக்கும். நாய்களுக்கும் ஆட்களுக்கும் தப்ப வேண்டுமே என்று அதை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். சுமார் 45 நாள் கழித்து வரும் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். முக்கியமான வேலை, எல்லாவற்றையும் எண்ணி எழுதி வைப்பது. செத்து ஒதுங்கும் ஆமைகளும் அந்தக் கணக்கில் வரும்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். ஆனால் இது வழக்கமான எண்ணிக்கை இல்லை என்று எப்படிச் சொல்வது? முந்தைய வருடங்களின் கணக்கு இருந்தால்தானே சொல்ல முடியும்!

பொரிப்பகமும் குறையில்லாதது அல்ல. மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகமாகும், ஆக நிழலையும் கவனிக்கணும். குஞ்சு விடுவதை வேடிக்கையாக்கி போன் வெளிச்சம் அடித்தால் அது கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கிப் போகும்.

செடி நடுவதும் அப்படித்தான். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் சவுக்கு நட்டார்கள். சில இடங்களில் அது ஆமை முட்டையிடும் மணலையே பிடித்துக்கொண்டது. பிச்சாவரத்தில் பழைய மொத்த வெட்டால் நிலம் தாழ்ந்து, தண்ணீர் தேங்கி, உப்பு ஏறிக் கிடந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி அலைநீரை உள்ளே விட்டன. அதற்கப்புறம்தான் அலையாத்திக் கன்று பிழைத்தது. நோய் தண்ணீர் ஓட்டத்தில் இருக்கும்போது ஒரு நாள் வந்து கன்று நட்டு என்ன பயன்?

அப்ப மாணவர்கள் கடலுக்குப் போகவே வேண்டாமா? போகட்டும். அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகட்டும், எண்ணட்டும், எழுதட்டும். வருடம் ஒரு முறைதான் முடியும் என்றால், போன வருடம் வந்தவர்களின் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.

கடல் தூரம் என்றால் ஆறு இருக்கிறது. போடி வழியாக ஓடும் கொட்டகுடி ஆறு வைகையில் சேர்கிறது, வைகை போகிற திசையில்தான் பாக் நீரிணை. மாசம் ஒரு ஞாயிறு, ஆற்றில் ஒரே இடத்தில் நின்று என்னென்ன மிதந்து வருகிறது என்று எண்ணிப் பார் என்று அக்கா மகனிடம் சொன்னேன்.

“இதுக்கு சர்டிபிகேட் உண்டா மாமா?” என்றான்.

நோட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.