பக்க இலக்கமும் ஒரு சாட்சியே

நூல்களை மின்வடிவில் பேணும் பணி நமது இலக்கியச் சூழலுக்குச் செய்துள்ள நன்மையை எவரும் மறுக்க முடியாது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் இல்லையேல், கிராமத்துப் பாடசாலையில் கற்பிக்கும் என்போன்றோர் பல நூல்களைப் பெயரளவில் மட்டுமே அறிந்திருப்போம். எனினும், ஸ்கேன் செய்த பக்கங்களிலிருந்து எழுத்தை மட்டும் பிரித்துப் புதிய கோப்பாக்கும்போது நேரும் ஓர் இழப்பைப் பற்றி நமது விமர்சகர்கள் போதியளவு பேசவில்லை. அது பக்க இலக்கத்தின் இழப்பு.

“திரையில் எழுத்தைப் பெரிதாக்கினாலே பக்கம் மாறிவிடுகிறது, பழைய இலக்கம் எதற்கு?” என்று கேட்பவர்கள் உளர். கதையை வாசித்து மகிழ்பவருக்கு அது பொருந்தலாம். மேற்கோள் காட்டுபவருக்குப் பொருந்தாது.

செய்யுள் நூல்களுக்கு இதனால் பெரும் பாதிப்பில்லை. சீறாப்புராணத்தின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் ஒன்றைக் காண்டம், படலம், பாடல் இலக்கம் கொண்டு தேடி எடுக்கலாம். உரைநடையின் நிலை வேறு. 1885இல் வெளிவந்த சித்திலெவ்வையின் அசன்பே சரித்திரத்திலிருந்து ஒருவர் ஒரு வாக்கியத்தை எடுத்தாளுகிறார் என்று கொள்வோம். எந்தப் பதிப்பு, எத்தனையாம் பக்கம் என்று கூறாவிட்டால் அதனை எவ்வாறு சரிபார்ப்பது? ஒரு ஹதீஸைக் கேட்டதும் அதன் அறிவிப்பாளர் யாரென வினவிப் பழகிய சமூகம் நாம். இலக்கியத்தில் மட்டும் ஆதாரமற்ற கூற்றுகளை ஏற்பது முறையாகுமா?

சொல்லை இட்டுத் தேடினால் போதாதா எனலாம். கணினி பழைய அச்சை வாசிக்கையில் ரகரத்தையும் துணைக்காலையும் மாற்றிவிடுகிறது. பிழைபட்ட சொல் தேடலில் அகப்படாது. அவ்வேளையில் மூலப் பக்கத்தின் படத்துக்கு நம்மை அழைத்துச் செல்வது பக்க இலக்கமே.

பக்கம் முறியும் இடமும் கவனிக்கத்தக்கது. தமிழ் அச்சில் சொல்லை உடைக்கும்போது இணைகோடு இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஒரு பக்கம் ‘கடற்’ என முடிய, அடுத்தது ‘கரை’ எனத் தொடங்கும். திருத்துபவர் கவனியாவிடில் ‘கடற் 47 கரை’ என்றொரு விநோதம் பிறக்கிறது. புதுக்கவிதையில் ஆபத்து இன்னும் அதிகம். பக்க இறுதியில் வரி நிற்கும்போது, அங்கே கவிஞர் இடைவெளி விட்டாரா, தாள்தான் முடிந்ததா என்பது தெரியாது. மின்பதிப்பாளர் தாமாக ஓர் இடைவெளியை இட்டால், விமர்சகர் அதற்கும் பொருள் கூறத் தொடங்கிவிடுவார்!

அறபுத் தமிழ் நூல்களோ வலமிருந்து இடமாகச் செல்பவை. இதனை அறியாதவர் ஸ்கேன் செய்தால் நூல் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கும். அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை முன்பக்கத்தின் அடியில் எழுதிவைப்பது பழைய அறபு ஏட்டு மரபு. தாள் தவறியதா என்றறிய உதவும் அச்சொல்லைத் தேவையற்றதென நீக்குவதும், இருமுறை தட்டச்சிடுவதும் ஒருங்கே தவறானவை.

தீர்வு கடினமானதன்று. மூலத்தில் பக்கம் மாறும் இடத்தில் அதன் இலக்கத்தைப் பகர அடைப்புக்குள் இடலாம். சொல் உடைந்திருந்தால் அதனை முடித்தபின் இடலாம். கவிதையில் ஐயமிருப்பின் அதனைக் குறிப்பாகச் சொல்லலாம். முன்னுரைக்குத் தனி இலக்கமிட்ட நூலில், கோப்பின் 15ஆம் பக்கம் நூலின் 1ஆம் பக்கமாக இருக்கக்கூடும். எனவே அச்சிட்ட இலக்கத்தையே பேணவேண்டும். எந்த ஆண்டுப் பதிப்பு என்பதும் முகப்பில் இடம்பெற வேண்டும்.

நமது முன்னோரின் நூல்களில் எஞ்சியிருப்பவை சொற்பப் பிரதிகளே. அவற்றுட் சில அழிந்தபின் மின்பிரதியே மூலமாகிவிடும். அன்று நம்மவர் எழுதியது இதுதான் என்று நிறுவ வேண்டிய மாணவனுக்குச் சாட்சியாக நிற்கப்போவது, இன்று நாம் பயனற்றதென நீக்கிவிடும் அந்தச் சிறிய இலக்கந்தான்.