அச்சு யாருடையது?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டின் ரசிகர்களுக்கும் அதை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் 2023 ஜனவரியில் ஒரு பெரிய சண்டை நடந்தது. ரசிகர்கள் ஜெயித்தார்கள். நிறுவனம் இறங்கி வந்தது. அன்றிலிருந்து அதை ஒரு விடுதலைப் போராட்டம் மாதிரி சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். ஜெயித்தது உண்மைதான். ஆனால் எதை ஜெயித்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தமிழில் எழுதுகிறவர்களுக்கும் வரைகிறவர்களுக்கும் பொம்மை செய்கிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதைசொல்லி, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதைசொல்லி ஒரு குகையை விவரிப்பார். உள்ளே போவதா வேண்டாமா என்று மற்றவர்கள் முடிவு செய்வார்கள். வாள் வீச்சு பட்டதா இல்லையா என்பதை 20 முகம் கொண்ட பகடை சொல்லும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்ட மேசை மேல் சுண்டுவிரல் பாதி உயரத்தில் பொம்மைகள் இருக்கும். அவற்றை மினியேச்சர் என்பார்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் உண்டாக்கியது இது. இன்று ஹாஸ்ப்ரோவின் கிளை நிறுவனமான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கையில் இருக்கிறது.

2000இல் அந்த நிறுவனம் ஒரு திறந்த உரிமத்தை வெளியிட்டது. அடிப்படை விதிகளை எடுத்து யார் வேண்டுமானாலும் தங்கள் புத்தகத்தில் சேர்த்து விற்கலாம். அதை நம்பிச் சின்னச் சின்னப் பதிப்பாளர்கள் ஏராளமாக முளைத்தார்கள். 2023 ஜனவரி முதல் வாரம் புதிய உரிமத்தின் வரைவு கசிந்தது. பழைய உரிமம் இனி செல்லாது. ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை ராயல்டி கட்ட வேண்டும். நீங்கள் எழுதியதை நிறுவனம் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். ரசிகர்கள் கொதித்துப்போய்ச் சந்தாவை ரத்து செய்தார்கள். நிறுவனம் கருத்துக் கேட்டபோது 15,000 பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். பத்தில் ஒன்பது பேர் எதிர்ப்பு. ஜனவரி 27ஆம் தேதி, 400 பக்க அடிப்படை விதிநூலை அப்படியே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். தமிழில் பெயர்த்து, அச்சடித்து, புத்தகக் கண்காட்சியில் கடை போட்டு விற்கலாம். கேட்பாரில்லை.

இங்கேதான் முதல் கேள்வி. விளையாட்டின் விதி எப்போது ஒருவருக்குச் சொந்தமாக இருந்தது? தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் நாம் உரிமம் வாங்கியதில்லை என்பது இருக்கட்டும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஒரு முறையை விளக்கும் எழுத்துக்குத்தான் பதிப்புரிமை, முறைக்கு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1879இலேயே ஒரு கணக்குப் பதிவு நூல் வழக்கில் சொல்லிவிட்டது. நம் நாட்டில் 2008இல் ஸ்கிராபுலஸ் வழக்கு. ஸ்கிராபிள் மாதிரியே இணைய விளையாட்டு நடத்திய கொல்கத்தா சகோதரர்கள் மீது மேட்டல் நிறுவனம் வழக்குப் போட்டது. பலகைக்கும் விதிக்கும் பதிப்புரிமை கோர முடியாது, ஆனால் அந்தப் பெயர் குழப்பம் உண்டாக்குகிறது என்றது டெல்லி உயர் நீதிமன்றம். பெயரை மாற்றிக்கொண்டு விளையாட்டு தொடர்ந்தது.

இதன் இன்னொரு பக்கமும் உண்டு. வட இந்தியாவின் பச்சீசியை எடுத்து "பார்ச்சீசி" என்று 1874இலேயே அமெரிக்காவில் டிரேட்மார்க் பதிவு செய்துவிட்டார்கள். விதி இந்தியாவுடையது, பெயர் ஒரு கம்பெனியுடையது. விதி எப்போதும் பொதுவில்தான் கிடக்கும். சொந்தம் கொண்டாடப்படுவது அதன் மேல் போர்த்திய பெயரும் உருவமும்தான்.

அப்படியென்றால் 2023இல் ரசிகர்கள் ஜெயித்தது பெரும்பாலும் ஏற்கெனவே பொதுவில் இருந்த ஒன்றுக்கான நிம்மதியை. சின்னப் பதிப்பாளருக்கு அது சின்ன விஷயம் இல்லை. வக்கீல் நோட்டீஸ் வராது என்பதே பெரிய காரியம். ஆனால் அந்த 400 பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு படம் கிடையாது. இந்த விளையாட்டை ஆடியவர்களிடம் எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால் விதியையா சொல்வார்கள்? அட்டைப்படத்தைச் சொல்வார்கள்.

நம்ம ராட்சசன் கதை இதற்கு நல்ல உதாரணம். 1977இல் வந்த "மான்ஸ்டர் மேனுவல்" நூலில் ராட்சசன் இருக்கிறான். புலித் தலை, மேல்நாட்டுக் கனவான் அங்கி, கையில் புகைக்குழாய். ராமாயணம் கேட்டு வளர்ந்த யாருக்கும் அடையாளம் தெரியாது. இன்று அந்த விதிநூலில் ராட்சசன் என்ற பெயரும் அவன் பலமும் பலவீனமும் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. படம் நிறுவனத்துடையது. நம்மிடமிருந்து போன பெயரை "எடுத்துக்கொள்ளுங்கள், மூலத்தை மட்டும் குறிப்பிடுங்கள்" என்று நமக்கே தருகிறார்கள். சிரிக்கத்தான் வேண்டும்.

இதே நிறுவன மரபு வேறு இடங்களில் எவ்வளவு பவ்வியமாக நடந்துகொண்டது என்பதையும் பார்க்கலாம். ஆரம்பப் பதிப்புகளில் ஹாபிட் இருந்தது. டோல்கீன் படைப்புகளின் உரிமையாளர்கள் தரப்பிலிருந்து சட்ட எச்சரிக்கை வந்ததும் 1977 வாக்கில் அது "ஹாஃப்லிங்" ஆனது. 1980இல் "டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்" என்று ஒரு நூல். உலகத்துச் சாமிகளுக்கெல்லாம் பலப் புள்ளி கொடுத்து, அடித்துக் கொல்லவும் வழி செய்த புத்தகம். லவ்கிராஃப்ட், மூர்காக் ஆகியோரின் கற்பனைத் தெய்வங்களும் அதில் இருந்தன. அவற்றுக்கான உரிமம் வேறொரு விளையாட்டு நிறுவனத்திடம் இருந்ததால் அடுத்த அச்சுகளில் அந்த இரண்டு அத்தியாயங்களும் போயின. இந்திரனும் காளியும் கார்த்திகேயனும் இருந்த அத்தியாயம் அப்படியே இருந்தது. முருகனுக்கு வக்கீல் இல்லை.

முருகனுக்கு டிரேட்மார்க் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவன் எல்லாருக்கும் பொதுவாக இருப்பதுதான் சரி. எதைப் பொது என்கிறோம் என்பதைக் கலை தீர்மானிக்கவில்லை, வழக்குப் போடும் வசதி தீர்மானிக்கிறது என்பதுதான் என் பேச்சு.

இப்போது நம்மூருக்கு வருவோம். ஆவடி பக்கம் சேக்காட்டில், நான் குடியிருக்கும் பகுதியில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு மாடி அறையில் ஆறேழு பேர் இந்த விளையாட்டை ஆடுகிறோம். கல்லூரிப் பசங்கள் இரண்டு பேர், ஐடி வேலைக்காரர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் டை செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவர் ஒருவர். வெளிநாட்டு மினியேச்சர் விலை நமக்குக் கட்டாது. யாரோ ஒரு சிற்பி கணினியில் செதுக்கி விற்ற கோப்பு எங்கிருந்தோ சும்மா வரும். ரெசின் பிரிண்டரில் போட்டால் ராத்திரிக்குள் பூதம் ரெடி.

"அண்ணா, இது அவங்க காசுக்கு விக்கிறது இல்ல?" என்றான் ஒரு பையன்.

"விடுறா தம்பி, யாரு வந்து கேக்கப் போறாங்க" என்றார் ஒருவர்.

பட்டறைக்காரர்தான் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "எங்க கிட்ட டை வாங்கிட்டுப் போறவன் அதுல எத்தனை பீஸ் அடிக்கிறான்னு நாங்க கேக்க முடியாது. ஆனா டைக்குக் காசு குடுத்துட்டுத்தான் போவான்."

எனக்குத் தெரிந்து இந்த விவாதம் முழுவதிலும் யாரும் இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. நிறுவனத்திடம் சுதந்திரம் கேட்டவர்கள், தங்களைவிட எளிய ஒரு சிற்பியிடம் அதே சுதந்திரத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நிறுவனத்தின் ஒரு நூலில் செயற்கை நுண்ணறிவால் மெருகேற்றிய படங்கள் இருப்பது தெரிந்து ரசிகர்கள் சத்தம் போட்டார்கள். ஓவியர் கையால் வரைய வேண்டும் என்றார்கள். சரியான சத்தம். அந்தச் சத்தம் நம் வீட்டு பிரிண்டர் பக்கம் திரும்பும்போது மட்டும் ஏன் அடங்கிவிடுகிறது?

"நம் மரபில் கலைக்குச் சொந்தக்காரன் கிடையாது, கோவில் சிற்பத்தில் யார் கையெழுத்துப் போட்டான்?" என்று ஒரு வாதம் வரும். கேட்க அழகாக இருக்கும். ஆனால் அந்தச் சிற்பிக்குக் கோவில் சோறு போட்டது. இன்றைய பொம்மைக்காரருக்கு யார் போடுகிறார்கள்? மதுரை விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் சென்னை கொசப்பேட்டையிலும் கொலு பொம்மை செய்கிறார்கள். புதிதாக ஓர் உருவத்தை யாரோ ஒருவர் களிமண்ணில் பிடிக்கிறார். அதிலிருந்து அச்சு. அந்தப் பொம்மையை ஒருவர் கடையில் வாங்கி அதன் மேலேயே இன்னொரு அச்சு எடுத்தால் முதல் கைக்கு எதுவும் இல்லை. 2019இல் அத்திவரதர் தரிசனம் நடந்த வருஷம் கொலுக் கடைகளில் எங்கும் அத்திவரதர்தான். முதல் அத்திவரதரைப் பிடித்தவர் யார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

சட்டமும் அவருக்கு உதவுவது கடினம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 15(2) இருக்கிறது. வடிவமாகப் பதிவு செய்யக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல், உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் நகலெடுத்தால் பதிப்புரிமை அற்றுப்போகும். பதிவு செய்தாலும் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5 வருடம், அவ்வளவுதான். எது கலைப்படைப்பு, எது தொழில் வடிவம் என்று பிரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில்தான் ஓர் எரிவாயு உபகரண வழக்கில் சோதனைகளை வகுத்தது. அச்சில் வார்த்த பொம்மை எந்தப் பக்கம் விழும் என்பது வழக்குப் போட்டால்தான் தெரியும். விளாச்சேரியிலிருந்து யார் போடப் போகிறார்கள்? தஞ்சாவூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது ஊர்ப் பெயரைக் காக்கும், செய்தவர் பெயரைக் காக்காது.

ஆக, எழுத்துக்கு நானூறு பக்க உரிமம். உருவத்துக்கு ஐம்பது நகலோடு சரி. மேசை விளையாட்டுக்காரர்களின் விவாதம் முதல் பாதியிலேயே நின்றுவிட்டது.

தமிழில் ஒரு விளையாட்டு வரட்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். விதி சும்மாவே கிடைக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். ராட்சசனும் வேதாளமும் முனீஸ்வரனும் யாருடைய உரிமமும் இல்லாமல் நம்மிடம் இருக்கிறார்கள். புலித் தலையை விட்டுவிட்டு நம் தெருக்கூத்து முடியை வைத்தே ராட்சசனை நினைக்கலாம். அவனை வரைய ஓர் ஓவியர் வேண்டும், பிடிக்க ஒரு பொம்மைக்காரர் வேண்டும். மிச்சம் பிடித்த காசு போக வேண்டிய இடம் அதுதான். விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் அவருக்கு இவ்வளவு என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டியின் மேல் விளையாட்டை எழுதியவர் பெயர் இருக்கும் அதே அளவு எழுத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதற்கு ஒரு வெள்ளைத் தாள் போதும்.