இடையில் நிறுத்தக்கூடிய வேலை

கைவினைச் சந்தையில் கடை போடும் தாய்க்குத் துணியையும் சாயத்தையும்விடத் தட்டுப்பாடான மூலப்பொருள் நேரம். சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய கலாக்ஷேத்ரா கலை நிறுவனத்தில் நெசவோடு வளர்க்கப்பட்ட கலம்காரித் துணி ஓவியத்தைப் பார்த்தாலே இது விளங்கும். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த கரைசலில் நனைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். இரும்பும் வெல்லமும் பல நாள் புளித்தால்தான் கறுப்பு மை கிடைக்கும். இந்தக் காத்திருப்புகளுக்கு நடுவே குழந்தையைக் குளிப்பாட்டலாம், பள்ளியிலிருந்து அழைத்து வரலாம். கலம் எனும் மூங்கில் எழுதுகோலால் கோடு இழுப்பது குழந்தை தூங்கும் வேளைக்கு உரியது. கொதிக்கும் சாயப் பாத்திரம் மட்டும் யாருக்கும் இணங்காது. பாதியில் விட்டால் நிறம் கெடும், தவழும் குழந்தைக்கோ ஆபத்து.

பெண்களிடம் நிலைத்த தொழில்கள் பெரும்பாலும் இடையில் நிறுத்தித் தொடரக்கூடியவை, ஆபத்தில்லாதவை என்று 1970இல் மானிடவியலாளர் ஜூடித் பிரவுன் எழுதினார். நீலகிரித் தோடர் பெண்களின் பூத்தையல் இதற்கு அழகான சான்று. தையல் சட்டகம் இல்லாமல், இழைகளை எண்ணிச் சிவப்பும் கறுப்பும் தைப்பார்கள். எந்தத் தையலிலும் நிறுத்தலாம்.

விற்பனை அப்படியல்ல. பெசன்ட் நகர் போன்ற கடற்கரையோரப் பகுதியில் கூட்டம் வெயில் தாழ்ந்துதான் வரும். குழந்தைக்குச் சோறூட்டும் நேரமும் அதுவே. சம்பளத்துக்கு வேலை செய்யும் தாய்மாருக்கு 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பும், 50 பேருக்குக் குறையாத பணியிடங்களில் காப்பகமும் தந்தது. சொந்தமாகக் கடை போடுபவருக்கு இரண்டும் இல்லை. சந்தை நடத்துவோர் குழந்தைகளுக்கென ஓர் அறையாவது ஒதுக்க வேண்டும்.