காணாத சிறுமிக்கு ஒரு கையறுநிலை

தலைவனை இழந்த புலவன் ஆற்றாது பாடும் பாட்டைக் கையறுநிலை என்பர் நம் இலக்கணத்தார். பாரியைப் பறிகொடுத்த கபிலரின் அழுகையை நாம் ஐயமின்றி ஏற்கிறோம். உடன் வாழ்ந்த நாட்கள் அதற்குச் சான்று. ஆனால், தான் பிறப்பதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே வேற்று நாட்டில் மடிந்த சிறுமிக்காக ஒருவன் இவ்வாறு அழலாமா? அத்துயரில் அவனுக்கு என்ன உரிமை?

இக்கேள்வியை எழுப்புவது, 1998 பிப்ரவரியில் வெளிவந்த 'இன் தி ஏரோபிளேன் ஓவர் தி சீ' என்னும் அமெரிக்க ராக் இசைத்தொகுப்பு. 'நியூட்ரல் மில்க் ஹோட்டல்' குழுவின் இரண்டாம் படைப்பு இது. 1996-இல் வந்த முதல் தொகுப்பு, பெரும்பாலும் லூசியானாவைச் சேர்ந்த பாடகர் ஜெஃப் மாங்கமும் நண்பர் ராபர்ட் ஷ்னைடரும் உருவாக்கியது. இரண்டாவதற்கோ ஜூலியன் கோஸ்டர், ஸ்காட் ஸ்பில்லேன், ஜெரமி பார்ன்ஸ் ஆகியோர் சேர, முழுமையான குழு அமைந்தது. 1997-இல் டென்வர் நகரில் ஷ்னைடரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடல்கள் பதிவாயின. பெருநிறுவனங்களைச் சாராத 'மெர்ஜ்' என்னும் சிறிய இசைத்தட்டு நிறுவனம் அவற்றை வெளியிட்டது.

அச்சிறுமி, ஆன் ஃபிராங்க். ஆம்ஸ்டர்டாமில் ஈராண்டுக்கு மேல் மறைந்து வாழ்ந்து, 1945-இல் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் பதினைந்து வயதில் மாண்டவர். அவருடைய நாட்குறிப்பைப் படித்து நாட்கணக்கில் அழுததாக மாங்கம் கூறியிருக்கிறார். அந்தக் கண்ணீரே இத்தொகுப்பின் ஊற்று.

குறையை முதலில் சொல்லிவிடுவோம். இளமையின் உடல் வேட்கையும் குடும்பத்தின் காயங்களும் இறந்த சிறுமியின் நினைவும் இப்பாடல்களில் ஒன்றோடொன்று பிணைந்து வருகின்றன. அழப்படுவது அவருடைய துன்பமா, பாடுபவரின் துன்பமா என்று சில இடங்களில் பிரித்தறிய இயலவில்லை. பிறர் சிலுவையைத் தன் அணிகலனாக்கிக் கொள்ளும் ஆபத்து இதில் உண்டு. அதைக் கண்டு கூசும் உள்ளத்தை நாம் குறை கூற முடியாது.

எனினும் அந்த ஆபத்துக்கு இப்படைப்பு இரையாகிவிடவில்லை என்பதே என் துணிபு. அழகுபடுத்தும் ஆசை இதில் இல்லை. கிட்டார் கரகரக்கிறது; பித்தளைக் குழல்கள் சாவு ஊர்வலத்தின் பின்னே நடப்பவை போல் முழங்குகின்றன; வில்லால் மீட்டப்படும் ரம்பம் விம்முகிறது. எட்டு நிமிட அளவிலான 'ஓ கம்லி' ஒரே மூச்சில் பாடிப் பதிவானது. அதன் இறுதியில் உடனிருந்த ஒருவர் தம்மை மறந்து கூவும் குரலும் அழிக்கப்படாமல் நிற்கிறது. தேர்ந்த பாடகருக்குரிய குரல் அன்று மாங்கமுடையது. உடைகிற இடத்தில் அதை உடையவே விடுகிறார். தன்னைக் காட்டிக்கொள்ள விரும்புபவன் இவ்வாறு பாடமாட்டான்.

நம் வாசகர்களை நிறுத்தி வைக்கும் இடம் ஒன்றும் உண்டு. இரண்டாவது பாடலின் தொடக்கத்தில் பாடகர் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி, தம் அன்பை நீண்ட ஓலமாக அறிவிக்கிறார். இது கேலியோ என்று ஐயுற்றவர்களுக்குத் தொகுப்பின் ஏட்டிலேயே விடை தந்துள்ளார்: பாடுவதை உண்மையாகவே பாடுவதாகவும், ஆனால் தொகுப்பின் பொருள் எந்தச் சமயத்தையும் சார்ந்ததன்று, எல்லாவற்றினுள்ளும் அழியாத ஒளி இருப்பதாகத் தாம் நம்புவதாகவும். ஆதலால் அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாட நமக்கு வழியில்லை, வேண்டுவதும் இல்லை. இறந்தோரை முற்றும் இழந்துவிட ஒரு மனிதன் மறுக்கிறான். அம்மறுப்பின் உச்சியில் அப்பெயர் அவன் வாயில் வருகிறது. அதைப் பணிவோடு கேட்பது போதும்.

1998-க்குப் பின் குழு மௌனமாயிற்று. அந்த மௌனத்தின் ஊடே தொகுப்பின் புகழ் ஆண்டுதோறும் வளர்ந்தது. 2013 முதல் 2015 வரை அவர்கள் மீண்டும் மேடையேறினர். மூன்றாவது தொகுப்பு மட்டும் வரவில்லை.

தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் பெற மறுத்த இராகேலை நாம் அறிவோம். அவள் தாய், அவளுக்கு உரிமை இருந்தது. உரிமையின்றி அழுபவனுக்கு நேர்மை ஒன்றே உரிமையாகிறது. இறுதிப் பாடலின் முடிவில் மாங்கம் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்துபோகும் ஓசை கேட்கிறது. காப்பாற்ற முடியாதவளுக்காகப் பாடியவன், பாட்டும் காப்பாற்றவில்லை என்றறிந்து அகலும் காலடிகள் அவை. அவற்றைக் கேட்ட பின்னரே, அவனுடைய கண்ணீரை நான் நம்பினேன்.