பளபளப்பில் காணாமல் போகும் தடயங்கள்: பழைய ஹூவர் மெஷின்களை மீட்பவர்கள் பற்றி

கொஞ்ச நாளாக நான் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது, பழைய வாக்யூம் கிளீனர்களைத் தேடிப்பிடித்து, பிரித்து, துடைத்து, பாலிஷ் போட்டு, மறுபடி ஓடவைப்பவர்களின் வீடியோக்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. பழைய கார், கடிகாரம், ரேடியோ சேர்ப்பவர்களை நாம் ரசிகர்கள்னு சொல்றோம். தூசு உறிஞ்சும் மெஷின் சேர்ப்பவர் என்றால் மட்டும் ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது. அந்தச் சிரிப்புக்கு ஒரு காரணம் இருக்கு, அதைக் கீழே சொல்கிறேன். எனக்கு இவர்கள் வேலை மேல் மரியாதை உண்டு. ஆனால் பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. மெஷினைக் காப்பாற்றுகிற அதே கையால், அது ஒரு வீட்டில் உழைத்த அடையாளத்தை இவர்கள் அழித்துவிடுகிறார்கள். இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

முதலில், அப்ரைட் என்றால் என்ன? நம்ம ஊர் வீடுகளில் வாக்யூம் கிளீனர் இருந்தால், பெரும்பாலும் அது நீளக் குழாய் வைத்து, பின்னாடியே இழுத்துக்கொண்டு போகும் டப்பா. அப்ரைட் வேற. கீழே மோட்டாரும் உறிஞ்சும் வாயும், அதிலிருந்து நிமிர்ந்து நிற்கும் கைப்பிடி, கைப்பிடியோடு சேர்ந்து தொங்கும் துணிப்பை. புல்வெட்டும் வண்டி மாதிரி தள்ளிக்கொண்டே நடக்கணும். மோட்டார் அச்சிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட், வாயில் இருக்கும் உருளை பிரஷைச் சுழற்றும். 1926இல் வந்த ஹூவர் 700 மாடலில் அந்த உருளையில் உலோகப் பட்டைகளும் சேர்ந்தன. அவை கம்பளத்தைப் படபடவென்று தட்டும். அடியில் இறங்கிப்போன மணல் துள்ளி மேலே வரும், பிரஷ் கூட்டும், காற்று இழுத்துக்கொள்ளும். கம்பளம் விரித்த வீட்டுக்காகவே பிறந்த மெஷின் இது. மொசைக் தரையில் இதற்கு வேலையே இல்லை.

இதன் தொடக்கக் கதையைச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் சொல்வார்கள், சொல்ல வேண்டிய கதையும்தான். ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில், ஒரு பெரிய கடையில் துப்புரவு வேலை பார்த்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்க்லர். ஆஸ்துமாக்காரர். கம்பளத்தைக் கூட்டும்போது கிளம்பும் தூசு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மின்விசிறி மோட்டார், தகரப் பெட்டி, துடைப்பக் கட்டை, பைக்குப் பதில் தலையணை உறை என்று கையில் கிடைத்ததை வைத்து ஒரு மெஷின் கட்டினார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கியவர் பக்கத்து ஊரில் தோல் சாமான் தொழில் நடத்திய வில்லியம் ஹூவர். அவர் மனைவி சூசன், ஸ்பேங்க்லருக்கு உறவு. அதே வருஷம் மாடல் ஓ வெளிவந்தது. பத்து நாள் வீட்டில் இலவசமாக ஓட்டிப் பாருங்கள் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து விற்றார்கள். சீக்கிரத்திலேயே ஸ்பேங்க்லர் பெயர் மறைந்து, ஹூவர் என்பது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

இந்தக் கதையில் நான் கவனிப்பது ஒன்றுதான். இதைக் கண்டுபிடித்தவர் தரையைக் கூட்டுகிறவர். கூட்டுகிறவரின் மூச்சுத்திணறலிலிருந்து பிறந்த கருவி இது. அப்படியென்றால், இதை ரெஸ்டோர் பண்ணும்போது கூட்டுகிறவரின் தடயத்துக்கு முதல் மரியாதை கிடைக்கணும் இல்லையா? நடப்பது நேர் எதிர்.

வழக்கமான மீட்பு எப்படி நடக்கிறது? சந்தையிலோ, இறந்துபோன ஒருவர் வீட்டுச் சாமான் விற்பனையிலோ ஒரு மெஷின் கிடைக்கும். பையைக் கழற்றுவார்கள். மோட்டாரைப் பிரித்து, கம்யூட்டேட்டரில் படிந்த கரியைச் சுத்தம் பண்ணி, தேய்ந்த கார்பன் பிரஷ்களை மாற்றுவார்கள். கிரீஸ் இறுகிப்போன பேரிங்குகளைக் கழுவி மறுபடி கிரீஸ் வைப்பார்கள், அல்லது புதிதாகப் போடுவார்கள். பெல்ட் புதுசு. உருளையில் முடி உதிர்ந்த பிரஷ் புதுசு. அலுமினிய உடம்பைப் பஃபிங் சக்கரத்தில் பிடித்து, கரடுமுரடான கலவையில் தொடங்கி, நைசான கலவையில் முடித்து, முகம் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவருவார்கள். கிர்பி மெஷின்கள் இதற்குப் பேர்போனவை. உடம்பெல்லாம் பாலிஷ் போட்ட அலுமினியம், முடிந்ததும் வெள்ளிப் பாத்திரம் மாதிரி இருக்கும். ஹூவர் 150 கொஞ்சம் சிக்கலானது. 1936இல் ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்தது. மேல்மூடி பேக்லைட், உடம்பில் எடை குறைவான மெக்னீசியம். வெயில் பட்ட பேக்லைட் மங்கிவிடும், மேல்தோலைத் தேய்த்துத்தான் பளபளப்பை மீட்கணும். மெக்னீசியம் எளிதில் அரிக்கும். அதைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் தீப்பிடிக்கக்கூடியது.

இதெல்லாம் லேசான வேலை இல்லை. ஒரு திருகு எந்த வருஷத்து மாடலுக்கு உரியது என்பது வரை தெரிந்த ஆட்கள் இவர்கள். ஓடுகிற சத்தத்தை மட்டும் கேட்டு மாடல் சொல்கிறவர்களும் உண்டு. மியூசியங்கள் கண்ணாடிக்குள் பூட்டி வைக்கிற பொருளை இவர்கள் ஓடவைத்துக் காட்டுகிறார்கள். இந்தப் பாராட்டில் நான் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் குப்பைத் தொட்டிக்குப் போனது என்னென்ன என்று பாருங்கள். ஒட்டுப்போட்டுத் தைத்த பை. பத்து இடத்தில் டேப் சுற்றின வயர். பிடித்துப் பிடித்துப் பெயின்ட் போன கைப்பிடி. நாற்காலிக் கால்களிலும் கதவு நிலைகளிலும் இடித்து இடித்துக் கன்னிப்போன முன்பக்க ரப்பர். வீடியோக்களில் "முன்பு" என்ற காட்சியில் சில நொடி வந்துவிட்டுப் போகும் சமாச்சாரங்கள் இவை. எல்லோரும் காத்திருப்பது "பின்பு" காட்சிக்குத்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம், உள்ளே இருக்கும் விசிறி. பழைய அப்ரைட்களில் பெரும்பாலானவற்றில், உறிஞ்சப்பட்ட அழுக்கு முதலில் விசிறி வழியாகத்தான் போகும், அப்புறம்தான் பை. அதனால் கம்பளத்தில் கிடந்த கொண்டை ஊசி, சில்லறைக் காசு, பொடிக்கல் எல்லாம் சுழலும் விசிறியில் மோதிவிட்டுப் போகும். உலோக விசிறியின் இதழ்களில் அந்த மோதல்கள் பள்ளமாகவும் கீறலாகவும் பதிந்துவிடும். ஒரு வீட்டின் தரையில் பல வருஷம் என்னென்ன விழுந்து கிடந்தன என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி ஏது? இதழ் உடைந்தால், அல்லது எடை சமன் குலைந்து மோட்டார் அதிர்ந்தால், விசிறியை மாற்றித்தான் ஆகணும், சந்தேகமே இல்லை. ஆனால் நன்றாக ஓடுகிற விசிறியைக்கூட "கீறல் இருக்கு" என்று தேய்த்து வழவழப்பாக்குவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியக்கூடத் தெரியாது.

இங்கே ஒரு கலைஞரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஜெஃப் கூன்ஸ் 1980இல் தொடங்கிய "தி நியூ" வரிசையில், கடையிலிருந்து வாங்கின புத்தம்புது ஹூவர் மெஷின்களை அக்ரிலிக் பெட்டிக்குள் அடைத்து, அடியில் டியூப் லைட் போட்டுக் காட்சிக்கு வைத்தார். நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் இருக்கும் படைப்பில் நான்கு ஹூவர் கன்வெர்டிபிள்கள் இரண்டு அடுக்காக நிற்கின்றன. ஒரு தூசியைக்கூட உறிஞ்சாத தூசு உறிஞ்சிகள். ஓடினால் பழசாகிவிடும் என்பதால் ஓடவே கூடாதவை. நுகர்பொருளின் "புதுசு" என்கிற மயக்கத்தைக் கூன்ஸ் தெரிந்தே பெட்டியில் போட்டுக் காட்டினார். நம் சேகரிப்பாளர் தெரியாமலே அதே இடத்துக்குப் பின்பக்கக் கதவு வழியாக வந்து சேர்கிறார். கூன்ஸின் மெஷினுக்குக் கடந்தகாலம் கிடையாது. இவருடைய மெஷினுக்கு அறுபது வருஷக் கடந்தகாலம் இருந்தது, அதை இவர் பஃபிங் சக்கரத்தில் கொடுத்துவிட்டார். அலமாரியில் நிறுத்திய பிறகு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

சரி, அழிந்தது யாருடைய கடந்தகாலம்? மேலே சொன்ன சிரிப்புக்கு இங்கேதான் பதில். காரை ஓட்டினவர் பெயர் குடும்பக் கதையில் இருக்கும். வாக்யூம் கிளீனரைத் தள்ளினவர் அந்த வீட்டு அம்மா, அல்லது சம்பளத்துக்கு வந்த பெண். அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை. வீட்டுவேலையை நாம் மதிப்பதில்லை, அதனால்தான் அதன் கருவியைச் சேர்ப்பவர் நமக்கு வேடிக்கையாகத் தெரிகிறார். வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய "மோர் வொர்க் ஃபார் மதர்" நூலின் வாதம் இங்கே நேராகப் பொருந்தும்: வீட்டுக்குள் மெஷின்கள் வந்தபோது ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த பங்கு குறைந்தது, பெண்ணின் வேலை நேரம் குறையவில்லை. முன்பெல்லாம் கம்பளத்தை வெளியே தூக்கிப்போய்க் கொடியில் போட்டு அடிப்பார்கள். கனமான வேலை, ஆள் சேரணும், எப்போதாவதுதான் நடக்கும். மெஷின் வந்ததும் ஒருத்தியே அடிக்கடி செய்கிற வேலையாக அது மாறியது. விளம்பரத்தில் அவள் சிரித்துக்கொண்டே தள்ளுவாள். கைப்பிடியில் பெயின்ட் தேய்ந்த இடம் மட்டும்தான் எத்தனை தடவை தள்ளினாள் என்று சொல்லும். அதன் மேல் புதுப் பெயின்ட் அடித்தால், மிஞ்சுவது விளம்பரம் சொன்ன கதை.

இதற்கு எதிர்வாதம் இருக்கிறது, நல்ல எதிர்வாதம்தான். ஹூவர் கம்பெனியே பழைய மெஷின்களைத் திரும்ப எடுத்து, தொழிற்சாலையில் புதுப்பித்து, "ஸ்பெஷல்" என்று பெயர் வைத்து விற்றிருக்கிறது. அதாவது புதுப்பிப்பு என்பது வெளியிலிருந்து வந்த வழக்கம் கிடையாது, அந்த மெஷின்களின் வாழ்க்கையிலேயே உள்ளது. அப்புறம், பாதுகாப்பு. அந்தக் காலத்து ரப்பர் வயர் இறுகி வெடித்திருக்கும். உலோக உடம்பு, பல மாடல்களில் எர்த் இணைப்பு கிடையாது. அதை அப்படியே ப்ளக்கில் சொருகினால் ஷாக் அடிக்கலாம். வயரை மாற்றாதே என்று சொல்வது மடத்தனம்.

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தொழிற்சாலை புதுப்பித்தது இன்னொரு வீட்டில் உழைப்பதற்காக. அந்தப் பளபளப்புக்குப் பிறகு மறுபடி தேய்மானம் ஆரம்பித்தது. இன்றைய பளபளப்புக்குப் பிறகு ஒன்றும் ஆரம்பிப்பதில்லை, அலமாரிதான். "அந்தக் காலத்துப் பொருள் மாதிரி இப்போ எங்கே பண்றாங்க" என்ற வீடியோ வசனத்தையும் அதனால்தான் நான் முழுசாக நம்புவதில்லை. உடைந்து குப்பைக்குப் போனவை நம் கண்ணில் படாது. மிஞ்சியவை மிஞ்சியதற்கு நல்ல அலுமினியம் ஒரு காரணம். பெல்ட் அறுந்தபோது மாற்றி, பை கிழிந்தபோது தைத்து, வயருக்கு டேப் சுற்றி ஓட்டின ஒருவர் இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்தின் ஆதாரத்தைக் குப்பையில் போட்டுவிட்டு முதல் காரணத்தை மட்டும் புகழ்வது நியாயமாகப் படவில்லை.

அப்ப என்ன பண்ணலாம்? எனக்குத் தோன்றுவது இது. மின்சாரம் ஓடுகிற இடமும் சுழல்கிற இடமும் ஓடவைப்பவரின் உரிமை: வயர், சுவிட்ச், கார்பன் பிரஷ், பேரிங், பெல்ட். அங்கே கைவைக்காமல் மெஷினின் சத்தம் திரும்பக் கிடைக்காது, அந்தச் சத்தமும் ஒரு ஆவணம்தான். கை பட்ட இடங்களை, அதாவது கைப்பிடி, முன்பக்க ரப்பர், மூடியின் கீறல் இவற்றை, துடைத்து அழுக்கு எடுப்பதோடு நிறுத்தலாம். யாரோ ஒருவர் வீட்டிலேயே பழுது பார்த்த தடயங்கள், ஒட்டுப்போட்ட பை மாதிரி, மாற்றியே ஆக வேண்டுமென்றால் தூக்கிப்போடாமல் மெஷினோடு ஒரு உறையில் வைக்கலாம். பிரிப்பதற்கு முன் நிதானமாகப் படம் எடுக்கலாம். எந்த வீட்டிலிருந்து வந்தது, யார் தள்ளினார்கள் என்று விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வைக்கலாம். பாலிஷுக்குச் செலவாகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.

விற்பனையில் பளபளக்கிற மெஷினுக்குத்தான் விலை அதிகம் கிடைக்கும் என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் இவர்களில் பலர் இதை விலைக்காகச் செய்வதில்லை. பாட்டி வீட்டு மெஷினின் சத்தத்தில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது என்று அவர்களே சொல்கிறார்கள். அந்தப் பாட்டி கை வைத்துத் தேய்த்த கைப்பிடி கிடைத்தால் அதற்கும் புதுப் பெயின்ட் அடிப்பீர்களா என்று அவர்களில் ஒருவரிடம் கேட்டுப் பார்க்க ஆசை. மாட்டேன் என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன். மற்ற மெஷின்களும் யாரோ ஒருவரின் பாட்டி தள்ளியவைதான்.