வாய்ப்பூட்டு

பி.எச்.பி. என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதின பழைய வெப்சைட் ஏதாவது உங்கள் பொறுப்பில் இருக்கிறதா? (விக்கிப்பீடியாவே அதில்தான் ஓடுகிறது.) உள்ளே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஆரம்ப வரிகளிலேயே ஒரு வாய்ப்பூட்டு இருக்கும். 'எல்லாப் பிழையையும் சொல்லு. ஆனால் நோட்டீஸ் வேண்டாம், ஸ்ட்ரிக்ட் வேண்டாம், டெப்ரிகேட்டட் வேண்டாம்.'

இதில் ஸ்ட்ரிக்ட் என்பவர் 2004-ல் பி.எச்.பி. 5 கூடவே வந்த வாத்தியார். புரோகிராமை நிறுத்த மாட்டார். 'ஓடுது, ஆனா இப்படி எழுதக் கூடாதுப்பா' என்பார். 2015-ல் பதிப்பு 7 அவர் வேலையைப் பெரும்பாலும் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 2020-ல் பதிப்பு 8 மிச்சத்தையும் பிடுங்கியது. 2024-ல் வந்த 8.4-ல் அவர் பெயரைச் சொன்னாலே 'இது வழக்கொழிந்தது' என்று புகார். வேடிக்கை பாருங்கள், புகார் சொல்லாதே என்று உத்தரவிடும் வரியே, அந்த உத்தரவு அமலுக்கு வருமுன் புகாரில் மாட்டிக்கொள்கிறது.

உடனே ஸ்ட்ரிக்ட் என்ற ஒரு வார்த்தையை மட்டும் அழித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். எனக்கு ஆட்சேபணை இதில்தான். மிச்சப் பூட்டு அப்படியே தொங்குகிறதே!

உதாரணம் சொல்கிறேன். மேற்கோள்குறி போட மறந்து ஒரு சொல்லை எழுதினால், பழைய பி.எச்.பி. 'மறந்துட்டே போலிருக்கு' என்று தானே போட்டுக்கொண்டு, ஒரு நோட்டீஸ் மட்டும் கொடுக்கும். பூட்டுப் போட்டவர் காதில் அது விழாது. 2017-ல், 7.2-ல், அது வார்னிங் ஆயிற்று. 5-லிருந்து நேரே 8-க்குத் தாவியவர்கள் அதையும் கேட்கவில்லை. 8-ல் புரோகிராம் அதே இடத்தில் நின்றுவிடும். சர்வர் மாற்றின ராத்திரி, திரையில் வெள்ளைப் பக்கம்.

'பார்க்க வருகிறவர்களுக்கு அசிங்கமாகத் தெரியுமே சார்?' நியாயம்தான். பிழைச் செய்தியில் ஃபைல் இருக்கும் இடமெல்லாம் வெளியே தெரிவது ஆபத்தும்கூட. ஆனால் அதற்கு ஸ்விட்ச் வேறு. 'டிஸ்ப்ளே எரர்ஸ்' என்பதை அணைத்து, 'லாக் எரர்ஸ்' என்பதைப் போடுங்கள். வந்தவருக்கு ஒன்றும் தெரியாது, உங்களுக்கு எல்லாம் தெரியும். விருந்தாளியிடம் மறைப்பதற்கும் வீட்டுக்காரரிடமே மறைப்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

பூட்டை எடுத்த முதல் நாள் லாக் ஃபைல் வீங்கிப்போகும். பதறாதீர்கள். ஒரே லூப்புக்குள் இருக்கும் ஒரே தப்பு ஐந்நூறு தடவை வந்திருக்கும். முதலில் டெஸ்ட் சர்வரில் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம்.